தொரைக்குப் பல் விளக்க இரண்டு பேர்

கோழி வேகவைத்த தண்ணீரில் உப்புப் போடக் கூடாது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன் வக்கீலம்மா, நிறையப் பேர் அங்கேதான் கோட்டை விடுகிறார்கள். வெறும் தண்ணீர், கழுத்துப் பக்கத்து இறைச்சி இரண்டு துண்டு, ஒரே ஒரு கொதி. ஆறியதும் பிரஷை அதில் முக்கி எடுத்தால் பூனை தானாகவே நாக்கை நீட்டும். நாம் போடுகிற பற்பசை ஆகாது. துப்பத் தெரியாத ஜீவன், அப்படியே விழுங்கிவிடும். கைக்குழந்தைக்கு விற்கிற சின்ன பிரஷாக வாங்க வேண்டும். உதட்டை மெல்லத் தூக்கி, வெளிப்பக்கம் மட்டும் தேய்த்தால் போதும். உள்பக்கத்தை அதன் நாக்கே பார்த்துக்கொள்ளும்.

பேனாவை மூடி வைத்துவிட்டீர்கள். வழக்குக்கு வேண்டாத சங்கதி என்று நினைக்கிறீர்கள். கொஞ்சம் பொறுங்கள், வேண்டியதுதான். அந்தப் போட்டோ கொப்பி அப்படியே மேசையில் இருக்கட்டும், கடைசியில் அதற்கு வருகிறேன். தேத்தண்ணியைக் குடியுங்கள். தலவாக்கலைக் குளிருக்கு இரண்டு நிமிஷத்தில் ஆறிப்போகும்.

என் பெயர் இந்திராதேவி. தங்கவேலு முதலாளியின் மூத்த மகள். முன்னால் இருக்கிற புடவைக் கடை அப்பா வைத்தது. அம்மா சீக்கிரமே போய்ச் சேர்ந்துவிட்டார். எனக்கு வரன் வந்த வருஷம்தான் அப்பாவுக்கு வாதமும் வந்தது. இரண்டில் ஒன்றைத்தான் கவனிக்க முடிந்தது, நான் வாதத்தைக் கவனித்தேன். தொண்ணூற்று மூன்றில் அப்பாவும் போன பிறகு கடையும் நானும் தங்கச்சி கோசலாவும் மிஞ்சினோம். அவள் எனக்குப் பதினான்கு வயது இளையவள். அவளுக்குத் தலை பின்னிப் பள்ளிக்கூடம் அனுப்பியது நான். காய்ச்சலுக்குக் கஷாயம் வைத்தது நான். தாவணிக்குக் கலர் பார்த்தது நான். அவளைப் பற்றி ஒரு முடிவு எடுக்க வேண்டுமென்றால் நான் எடுப்பதுதான் இந்த வீட்டு வழக்கம். அவளும் ஒரு நாளும் முகம் சுளித்தது கிடையாது.

அப்புறம் தொரை வந்தான். அடைமழையில் கடைக்குள் ஒதுங்கிய குட்டி, ஒதுங்கிய கையோடு கம்பளி அடுக்கில் ஏறிப் படுத்துவிட்டான். மறுநாள் காலையில் வாலைத் தூக்கிக்கொண்டு வீடு முழுக்க ஒரு சுற்றுப் போனான். சமையலறையை எட்டிப் பார்த்தான், பீரோவை மோந்து பார்த்தான், எதிலும் திருப்தி இல்லாத முகத்தோடு திரும்பி வந்தான். தோட்டத்துப் பெரிய துரை மலைக்கு வந்து கொழுந்து பார்த்துவிட்டுப் போகிற அதே நடை. "அக்கா, தொரை வந்துருக்காருக்கா" என்று கோசலா கைகட்டி நின்றாள். அந்தப் பெயரே நிலைத்துவிட்டது.

தொண்ணூற்றாறில் அவனுக்கு வாய் நாற ஆரம்பித்தது. சாதாரண நாற்றம் இல்லை. கல்யாணச் சேலை எடுக்க வந்த ஒரு குடும்பமே, அவன் ஒரு கொட்டாவி விட்டதும், மாப்பிள்ளை வீட்டாரைக் கூட்டிக்கொண்டு வருவதாகச் சொல்லி எழுந்து போனது. திரும்பி வரவில்லை. பிரம்புக் கூடையில் அவனை அடைத்துக்கொண்டு நானும் கோசலாவும் மாட்டு டாக்டரைத் தேடிப் போனோம்.

அங்கே வரிசையில் மூன்று மாடும் ஒரு கிடாவும் நின்றன. ஐந்தாவதாக நாங்கள். கூடையிலிருந்து 'மியாவ்' என்றதும் உள்ளேயிருந்து ஒருவர் ஓடி வந்தார். முப்பது வயது இருக்கும். முழங்கை வரை ரப்பர் உறை, முகத்தில் லொத்தர் விழுந்தவனின் சிரிப்பு.

"பூனையோ? இஞ்சை வந்து ரெண்டு வருசத்தில ஒருத்தரும் பூனை கொண்டு வரேல்லை."

அதுதான் கோபிசங்கர். யாழ்ப்பாணம். கூடையைத் தூக்கி மேசையில் வைத்து, என்னைப் பார்த்து, "வாயைத் திறவுங்கோ" என்றார். நான் திறந்தேன்.

"உங்கடை இல்லை அக்கா. பூனையின்ரை."

கோசலா சிரித்தாள் பாருங்கள், வெளியே நின்ற கிடா கத்த ஆரம்பித்துவிட்டது. அப்பா செத்த பிறகு அவள் அப்படிச் சிரித்து நான் கேட்டதில்லை. அவரும் சிரித்தார். நானும் வாயை மூடிக்கொண்டு சிரித்தேன்.

"முரசு பழுதாப் போச்சுது. ஒரு பல்லு ஆடுது, அதை எடுத்துவிடுறன். மிச்சத்துக்கு நாளாந்தம் பல்லுத் தீட்ட வேணும்."

"பூனைக்கா?"

"பூனைக்குத்தான். என்ரை பல்லை நான் தீட்டுறனான்."

எங்களுக்கு ஈறு, அவருக்கு முரசு. எங்களுக்குப் பல் விளக்குவது, அவருக்குப் பல் தீட்டுவது. கத்தியைத் தீட்டுகிற மாதிரி இருக்கிறதே என்று கோசலா வழியெல்லாம் சொல்லிச் சொல்லிச் சிரித்துக்கொண்டு வந்தாள். எப்படித் தீட்டுவதென்று காட்டித்தர அடுத்த நாள் மாலை ஐந்து மணிக்கு அவரே வருவதாகச் சொல்லியிருந்தார்.

வந்தார். கடைக்குள்ளேயே வைத்துக்கொண்டோம், அங்கேதான் வெளிச்சம். தொரையைத் துவாயில் சுற்றிக் கோசலாவின் மடியில் வைத்தார். "ரெண்டு பேர் வேணும். ஒராள் பிடிக்க, ஒராள் தீட்ட. தனிய ஏலாது" என்றார். நன்றாகக் கேட்டுக்கொள்ளுங்கள், ரெண்டு பேர் வேண்டும் என்று முதலில் சொன்னது நான் இல்லை, அவர்தான். பிரஷை நான் பிடித்தேன். உதட்டில் அது பட்டதுதான் தாமதம், தொரை துவாயோடு ஒரு துள்ளுத் துள்ளி, புதிதாக வந்திருந்த சீத்தைத் துணிக் கட்டின் மேல் பாய்ந்தான். கட்டு உருண்டது. உருண்ட கட்டு வாசற்படி தாண்டி ரோட்டில் இறங்கி, மஞ்சள் பூப் போட்ட துணியை விரித்துக்கொண்டே பஜார் சரிவில் போனது. அதன் பின்னால் டாக்டர். டாக்டருக்குப் பின்னால் கோசலா. ஹட்டன் பஸ் நின்றது. பஸ்ஸில் இருந்தவர்கள் யாரோ மந்திரி வருகிறார் என்று எழுந்து நின்று பார்த்தார்கள். பேக்கரி மாயாண்டி அண்ணன் கதவைத் திறந்தபோது கட்டு நேராக உள்ளே போய், பணிஸ் அலுமாரியில் முட்டி நின்றது.

மூன்று பேரும் அந்தத் துணியைச் சுற்றிக்கொண்டே மேலே ஏறி வந்தோம். மூச்சு வாங்கியது, சிரிப்பும் நிற்கவில்லை. கண்ணில் தண்ணீர். எனக்கு அப்போது நாற்பத்தொரு வயது. ரோட்டில் நின்று சிரிப்பது எனக்கு அதுதான் முதல் தடவை. தொரை கல்லாப்பெட்டி மேல் உட்கார்ந்து எங்கள் மூவரையும் கண்டித்துப் பார்த்துக்கொண்டிருந்தான்.

இரண்டு வாரத்தில் அவன் பழகிவிட்டான். டாக்டர் வராமலே இருந்திருக்கலாம். ஆனால் தினமும் ஐந்து மணிக்கு வந்தார். கோசலா நாலரைக்கே கோழித் தண்ணீரை இறக்கி வைப்பாள். நான் பிரஷைக் கழுவி வைப்பேன். மூன்று பேரும் குனிந்து ஒரு பூனையின் வாய்க்குள் பார்த்துக்கொண்டிருப்போம். "மேல் கோரைப் பல்லு பாருங்கோ, முத்து மாதிரி." நாங்கள் பார்ப்போம். முத்து மாதிரித்தான் இருக்கும். அப்புறம் தேத்தண்ணி. அப்புறம் யாழ்ப்பாணத்துக் கதை ஒன்று சொல்வார். ஒரு தடவை மாட்டுக்குப் போட வேண்டிய ஊசியை மாட்டுக்காரருக்குப் போட்ட கதை. அந்த ஆள் அதற்கப்புறம் நோய் நொடி இல்லாமல் இருக்கிறாராம். மூன்று மாதம் நாங்கள் அப்படி இருந்தோம். எனக்கு அதில் ஒரு குறையும் இருக்கவில்லை. அது அப்படியே இருந்திருந்தால் நீங்கள் இன்றைக்கு இந்தப் படியேறி வந்திருக்க வேண்டியதில்லை.

ஒரு நாள் உள்ளே போய்ச் சீனி எடுத்துக்கொண்டு திரும்பி வந்தேன். கோசலாவின் மடியில் துவாய். துவாய்க்குள் அவள் இரண்டு கை, அவர் இரண்டு கை. இரண்டு பேரும் மும்முரமாகப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். தொரை என் காலடியில் நின்று சீனிப் போத்தலை மோந்து பார்த்துக்கொண்டிருந்தான்.

"பூனை இங்க இருக்கு" என்றேன்.

இரண்டு பேரும் ஒரே நேரத்தில் துவாய்க்குள் எட்டிப் பார்த்தார்கள். அவ்வளவு வேடிக்கை. நான்தான் அதிகம் சிரித்தேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சலவைச் சட்டை போட்டுக்கொண்டு, பனங்கட்டி நிறைத்த ஓலைக் குட்டானோடு வந்தார். கோசலா உள்ளே போய் நின்றுகொண்டாள். முறையாகத்தான் கேட்டார். அம்மாவுக்குக் கடிதம் போட்டிருப்பதாகவும், அம்மாவுக்குச் சம்மதம் என்றும், வவுனியாவுக்கு மாற்றம் வருகிறது, அதற்கு முன்னால் கல்யாண எழுத்தை முடித்துவிடலாம் என்றும் சொன்னார். நல்ல மனிதர். குடி இல்லை, கடன் இல்லை. நான் விசாரித்தவரையில் ஒரு குறையும் சொல்ல முடியாது.

"தொரைக்கு யாரு?" என்று கேட்டேன்.

அவர் சிரித்தார். "தொரையை விட்டுட்டுப் போக ஏலுமே அக்கா? அவரையும் கூட்டிக்கொண்டு போவம்."

யோசித்துப் பாருங்கள் வக்கீலம்மா. இது குளிருக்குப் பிறந்த பூனை. கம்பளி இல்லாமல் தூங்காது. வவுனியா வெயிலில், தகரக் கூரைக்குக் கீழே, அது என்ன ஆகும். மாட்டு டாக்டருக்கு அது தெரியாமல் போனது எனக்கு வருத்தமாக இருந்தது. தெரிந்தும் சொல்கிறார் என்றால் இன்னும் வருத்தம். விட்டுவிட்டுப் போனால் பிடிக்க ஆள் இல்லை, கொண்டுபோனால் பூனையே இல்லை. எந்தப் பக்கம் திரும்பினாலும் தொரைக்குத்தான் நஷ்டம். இந்த வீட்டில் அவனுக்காகப் பேச என்னை விட்டால் வேறு யாரும் இல்லை.

"யோசிச்சுச் சொல்றேன் தம்பி" என்று சொல்லிப் பனங்கட்டியை வாங்கி வைத்தேன். நல்ல பனங்கட்டி.

இப்போது அந்தப் போட்டோ கொப்பியை எடுங்கள். படியுங்கள். நான் வேண்டுமானால் பார்க்காமலே சொல்கிறேன். 'கோபிசங்கர் என்னும் மிருக வைத்தியர் யாழ்ப்பாணத்தைச் சேர்ந்தவர். தோட்டம் தோட்டமாகப் போய் வருகிறார். கையில் எப்போதும் தோல் பெட்டி. அதைப் பிறர் தொட விடமாட்டார். தோட்ட லயத்து இளைஞர்கள் அவரைத் தேடி வருகிறார்கள். சீக்கிரம் வவுனியா போகப் போகிறார். கவனிக்கவும்.' இதில் ஒரு பொய் காட்டுங்கள். யாழ்ப்பாணம்தான். தோட்டம் தோட்டமாகத்தான் போனார். பெட்டியில் ஊசி இருந்தது, தொட விடமாட்டார். மாடு வைத்திருக்கிற பையன்கள் தேடித்தான் வந்தார்கள். இடது கையால் எழுதினேன், அது ஒன்றுதான் கோணல். 'ண' மட்டும் எந்தக் கையால் எழுதினாலும் எனக்கு ஒரே மாதிரித்தான் வருகிறது. அது அப்போது எனக்குத் தெரியாது.

பொலிசில் இரண்டு நாள் வைத்திருந்து, விசாரித்து, மாற்றத்தை நிறுத்திவிட்டு அனுப்பிவிடுவார்கள் என்று நினைத்தேன். இங்கேயே இருந்திருப்பார். ஐந்து மணிக்கு வந்திருப்பார். பழையபடி மூன்று பேரும் இருந்திருப்போம். நான் கெட்டது நினைக்கவில்லை என்பதற்கு அதுவே அத்தாட்சி.

உடப்புசல்லாவைப் பக்கம் ஒரு தோட்டத்தில் பசு கன்று போட்டுக்கொண்டிருக்கும்போது பிடித்தார்கள். கன்றை வெளியே எடுத்துவிட்டு வருகிறேன் என்று கேட்டாராம், விட்டார்களாம். கிடாரிக் கன்று. கைகூடக் கழுவாமல் ஜீப்பில் ஏறினார் என்று லயத்து ஆட்கள் வந்து சொன்னார்கள். ஐந்து மணி ஆனதும் நான் கோசலாவின் மடியில் துவாயை விரித்தேன். பிடித்துக்கொண்டாள். அழுதுகொண்டே பிடித்தாள். தொரை அன்றைக்கு அசையவே இல்லை.

இனித்தான் வேடிக்கை. அவரிடம் ஒரு டயரி இருந்ததாம். அதில் ஒவ்வொரு நாளும் எழுதி வைத்திருக்கிறார்: 'மாலை ஐந்து. தொரை. மேல் கோரை சுத்தம்.' 'தொரை இன்று ஒத்துழைத்தார்.' 'தொரைக்கு ஆள் பழகிவிட்டது, இனி பயம் இல்லை.' யார் இந்தத் தொரை, புலியா என்று கேட்டிருக்கிறார்கள். பூனை என்றிருக்கிறார். மேல் கோரை என்றால் என்ன ஊர் என்று கேட்டிருக்கிறார்கள். பல் என்றிருக்கிறார். பூனைக்குப் பல் விளக்குகிறேன் என்று ஒரு மனிதன் அந்த இடத்தில் உட்கார்ந்து சொன்னால் என்ன நடக்கும். இதை எனக்குச் சொன்னது இங்கே விசாரிக்க வந்த சார்ஜன்ட். சொல்லும்போது அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

கோசலா அன்றைக்கு விடியவே ஹட்டனுக்குப் போயிருந்தாள். அவரை எங்கே வைத்திருக்கிறார்கள் என்று ஆபீஸ் ஆபீஸாகக் கேட்டுத் திரிந்துகொண்டிருந்தாள். சார்ஜன்ட் ஒருவர் மட்டும் வந்தார். வயதானவர், சிங்களத்தில்தான் பேசினார். நான் தமிழில் சொல்கிறேன்.

"நோனா, உங்கள் வீட்டில் தொரை என்று ஒரு பூனை இருக்கிறதா? இருந்தால் காட்டுங்கள். நான் இன்றைக்கே எழுதிக் கொடுத்து விஷயத்தை முடித்துவிடுகிறேன். என் வீட்டிலும் மூன்று பூனை இருக்கிறது. அந்தப் பையன் பொய் சொல்கிற மாதிரி எனக்குத் தெரியவில்லை."

தொரை அந்த நேரம் பீரோவுக்குள் கம்பளி மேல் தூங்கிக்கொண்டிருந்தான். பீரோக் கதவு பாதி திறந்திருந்தது. நான் போய் அதைச் சாத்தினேன். சேலைத் தலைப்பைச் சரி பண்ணிக்கொண்டு அதில் சாய்ந்து நின்றேன்.

"பூனை இல்லையே" என்றேன்.

"நன்றாக யோசித்துச் சொல்லுங்கள்."

"பூனைக்குப் பல் விளக்குவார்களா யாராவது?" என்று கேட்டேன். அவரும் தலையை ஆட்டினார். நியாயமான கேள்விதானே.

குழாயடியில் கை கழுவப் போனவர் அங்கே டம்ளரில் இருந்த பிரஷ்களைப் பார்த்தார். "இரண்டு பேர்தானே இருக்கிறீர்கள். மூன்று பிரஷ்?" அதிலும் ஒன்று குழந்தைப் பிரஷ், மேலே வாத்துப் படம். கவரிங் நகை தேய்க்க என்றேன். காதில் கிடந்ததைக் கழற்றிக் காட்டினேன், பளபளவென்றுதான் இருந்தது. எனக்கு உள்ளுக்குள் ஒரு குறுகுறுப்பு. சின்னப் பிள்ளையில் ஒளிந்து விளையாடும்போது வருமே, அது. அந்த நேரம் பார்த்து பீரோவுக்குள் 'தொம்' என்று ஒரு சத்தம்.

"அது என்ன?"

"எலி."

"பெரிய எலியாக இருக்கும்போல."

"என்ன செய்வது, பூனை இல்லாத வீடு" என்றேன்.

அவர் பீரோவைப் பார்த்தார். சிரிக்கவில்லை. "ஒரு பூனை வாங்கி வளருங்கள் நோனா" என்று சொல்லிவிட்டுத் தொப்பியைப் போட்டுக்கொண்டு படியிறங்கினார். பாவம், அவருக்கும் ஏமாற்றம். பீரோவைத் திறந்ததும் தொரை வெளியே வந்து, வழக்கம்போலத் திருப்தி இல்லாத முகத்தோடு ஒரு சுற்றுப் போனான்.

கோசலா கடைசி பஸ்ஸில் வந்தாள். யாராவது வந்தார்களா என்று கேட்டாள். இல்லை என்றேன்.

அவரை உள்ளே வைத்திருந்தது பத்தொன்பது மாதம் என்று நீங்கள்தான் சொன்னீர்கள். நான் எண்ணவில்லை. அங்கேயிருந்து மூன்று கடிதம் வந்தது, மூன்றும் கோசலா பெயருக்கு. தபால்காரர் கடையில்தான் கொடுப்பார், கடையில் நான்தான் இருப்பேன். அவற்றை நான் எரிக்கவில்லை. கடிதம் எரிக்கிறவர்கள் மனசாட்சி இல்லாதவர்கள். பத்திரமாகக் கம்பளிக்கு அடியில் வைத்திருந்தேன், இதோ, எடுத்துக்கொள்ளுங்கள். முதல் கடிதத்தில் தொரையை ஒரு தடவை கொண்டுவந்து காட்டச் சொல்லிக் கேட்டிருக்கிறார். இரண்டாவதில், இடது பக்கக் கடவாய்ப் பல்லின் அடியில் அழுக்குச் சேரும், அதைக் கவனியுங்கள், பிரஷைச் சாய்த்துப் பிடியுங்கள் என்று எழுதியிருக்கிறார். நான் அன்றையிலிருந்தே சாய்த்துத்தான் பிடிக்கிறேன். கோசலா கூட, "என்னக்கா புதுசா?" என்று கேட்டாள். மூன்றாவது சின்னக் கடிதம். வீட்டுக்கு வந்து கேட்டவர்களிடம் பூனையே இல்லை என்று சொன்னீர்களாமே, பயத்தில் சொல்லியிருப்பீர்கள், எனக்குக் கோபம் இல்லை, இனி எழுதமாட்டேன் என்று இருக்கிறது. அவர் அதைக் கோசலாவும் சேர்ந்து சொன்னதாக நினைத்துக்கொண்டார். அதற்கு நான் பொறுப்பாக முடியாது, நான் அப்படிச் சொல்லவில்லை.

வெளியே வந்ததும் இந்தப் பக்கம் வராமல் நேரே வடக்கே போய்விட்டார். அவர் தன்னை மறந்துவிட்டார் என்று கோசலா நினைத்தாள். அதன் பிறகு வந்த வரன்களை அவளே வேண்டாம் என்றாள், நான் ஒரு வார்த்தை தடுக்கவில்லை. ஏழு வருஷம் தினமும் ஐந்து மணிக்கு வந்து உட்கார்ந்து துவாயை மடியில் விரிப்பாள். பேச்சு அதிகம் இல்லை. கோழித் தண்ணீர், பிரஷ், நாங்கள் இரண்டு பேர், தொரை. அந்த இரண்டு நிமிஷம் இருக்கிறதே, அதை நினைத்துக்கொண்டே நான் நாள் முழுக்கக் கடையில் துணி கிழித்திருக்கிறேன். சிரித்துக்கொண்டே கிழிப்பேன். வாடிக்கைக்காரர்கள், அக்கா எப்போதும் சந்தோஷமாக இருக்கிறார்கள் என்பார்கள்.

போன வியாழக்கிழமை நீங்கள் வந்து, கோபிசங்கருக்கு உத்தியோகம் திரும்பக் கேட்டு வழக்குப் போடுகிறோம், பொலிஸ் கோப்பில் இப்படி ஒரு மொட்டைப் பெட்டிசம் இருக்கிறது, இந்தக் கையெழுத்து யாருடையது என்று தெரியுமா என்று கேட்டபோது நான் பின்னால் கோழி கழுவிக்கொண்டிருந்தேன். கோசலா கடையில் நின்றபடியே வாசித்தாள். நான் கையைத் துடைத்துக்கொண்டு வந்தபோது அவள் அந்த 'ண'வில் விரலை வைத்துக்கொண்டு நின்றாள். என்னைப் பார்த்தாள். காலில் செருப்பு இருந்தது, அதோடு அப்படியே உங்கள் வேனில் ஏறினாள். இப்போது ஹட்டனில் உங்கள் வீட்டில் இருக்கிறாள் என்றீர்கள். சாப்பிடுகிறாளா. இரவில் அவளுக்குக் கால் குளிரும், ஒரு கம்பளி கட்டித் தருகிறேன், கொண்டுபோய்க் கொடுங்கள்.

உள்ளே இருந்தபோது அவருக்கு முன்பல் நாலு போய்விட்டது என்று நீங்கள் சொன்னீர்கள். விழுந்ததா, உடைத்தார்களா என்று நான் கேட்கவில்லை, நீங்களும் சொல்லவில்லை. அன்றைக்கு இரவு அதைப் பற்றி யோசித்தேன். பூனைக்கு முப்பது பல். தொரைக்கு அவர் பிடுங்கிய அந்த ஒன்றைத் தவிர இருபத்தொன்பதும் இன்றைக்கும் இருக்கிறது, பன்னிரண்டு வயதில். எந்த மாட்டு டாக்டரிடம் வேண்டுமானாலும் காட்டுங்கள், அசந்துபோவார். அவரிடமே காட்டினாலும் சந்தோஷப்படுவார். அவர் சொல்லிக் கொடுத்த வேலை, ஒரு நாள் தவறவில்லை என்று சொல்லுங்கள்.

எழுதிவிட்டீர்களா. பெட்டிசம் நான் எழுதியது. பூனை இல்லை என்று சொன்னதும் நான். கடிதத்தை மறைத்ததும் நான். தொரைக்காகச் செய்தேன், பல் விளக்க இரண்டு பேர் வேண்டும் என்பதால் செய்தேன். அதை அப்படியே போடுங்கள், கையெழுத்து வைக்கிறேன். வலது கையால்தான்.

தேதியா. பெட்டிசம் எழுதிய தேதி கட்டாயம் வேண்டுமா. கார்த்திகை மாதம், ஒரு புதன்கிழமை. எப்படி நினைவிருக்கிறது என்றால், கினிகத்தேனையில் எங்கள் சித்தி மகளுக்குச் சடங்கு. கோசலா திங்கட்கிழமையே போய்விட்டாள், புதன் மாலைதான் திரும்பினாள். அவள் வருவதற்கு முன்னால் எழுதித் தபாலில் போட்டுவிட்டேன். டாக்டரும் அந்த மூன்று நாளும் தோட்டங்களில் மாட்டுக்கு ஊசி போடுகிற வேலையாகப் போயிருந்தார்.

ஆமாம், வீட்டில் நான் மட்டும்தான்.

பல்லா. விளக்கினேன். தவறவிடுவேனா. திங்கள், செவ்வாய், புதன், மூன்று நாளும் தனியாகத்தான் விளக்கினேன். துவாய்கூட வேண்டியிருக்கவில்லை. மடியில் வந்து தானாகவே உட்கார்ந்து வாயைத் திறந்தான். இரண்டு நிமிஷம்.

அதை எழுத வேண்டாம் வக்கீலம்மா. மற்றதெல்லாம் சொல்லுங்கள். அதை மட்டும் கோசலாவிடம் சொல்லிவிடாதீர்கள்.